பல மொழி, பல மதம், ஒரே ராஜ்யம்! - அசோகச் சக்ரவர்த்தியின் வாழ்க்கை

அசோகர் சாலை ஓரங்களில் மரங்களை நட்டார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவரைக் கேட்டாலும் இந்த ஒன்றைச் சொல்லிவிடுவார்.

அது உண்மைதான். ஆலமரம் வைத்தார், மாந்தோப்பு போட்டார், வழிநெடுகக் கிணறு வெட்டினார். ஆனால் மரம் நட்ட அரசர்கள் எத்தனையோ பேர். அசோகரின் தலைச்சிங்கம் நம் ரூபாய் நோட்டிலும், அவருடைய சக்கரம் தேசியக் கொடியிலும் இடம் பெற்றிருப்பது மரம் நட்டதற்காக மட்டும் அல்ல.

பல மொழி பேசுகிறவர்களும் பல சாமி கும்பிடுகிறவர்களும் ஒரே ஆட்சியின் கீழ் எப்படி வாழ்வது? இந்தக் கேள்விக்கு 2,200 ஆண்டுகளுக்கு முன்பே விடை தேடியவர் அவர். தேடிய விடையைக் கல்லில் எழுதியும் வைத்தார். அந்தக் கற்களில் பல, இன்று நாம் பிழைக்க வந்திருக்கும் இந்தக் கர்நாடகத்தில்தான் இருக்கின்றன.

ஒரே வீட்டில் மூன்று மதம்

மௌரிய சாம்ராஜ்யத்தை நிறுவியவர் சந்திரகுப்தர். அசோகருக்குத் தாத்தா. அவர் கடைசிக் காலத்தில் ராஜ்யத்தைத் துறந்து, சமண முனிவராகி, சிரவணபெளகொளாவில் உண்ணா நோன்பு இருந்து உயிர் நீத்தார் என்பது சமணர்களின் மரபு. அங்குள்ள சந்திரகிரிக்கு அந்தப் பெயர் வந்ததும் அவரால்தான் என்பார்கள்.

அசோகரின் தந்தை பிந்துசாரர். அவர் ஆசீவகத் துறவிகளை மதித்தவர் என்று பௌத்த நூல்கள் கூறுகின்றன. ஆசீவகர் என்பவர் விதியே எல்லாம் என்று நம்பிய ஒரு கூட்டத்தார். நம் மணிமேகலையிலும் அவர்கள் வருகிறார்கள்.

மகன் அசோகரோ புத்தரைப் பின்பற்றினார்.

தாத்தா ஒரு வழி, தந்தை ஒரு வழி, மகன் ஒரு வழி! வெளியே அந்தணர்களின் யாகசாலைகள். வடமேற்கே கிரேக்கர்களின் குடியிருப்புகள். காடுகளில் மலைவாசிகள். இப்படிப்பட்ட ராஜ்யம்தான் அவர் கைக்கு வந்தது.

இளவரசராக இருந்தபோது அசோகர் உஜ்ஜயினியில் தந்தையின் பிரதிநிதியாக ஆட்சி செய்தார். கலகத்தை அடக்கத் தட்சசீலத்துக்கும் அனுப்பப்பட்டார் என்று கதைகள் உண்டு. தட்சசீலம் இன்றைய பாகிஸ்தானில் இருக்கிறது. வெளியூர் உத்தியோகம் என்பது என்ன என்று பட்டம் ஏறுவதற்கு முன்பே அவருக்குத் தெரியும்.

பிந்துசாரருக்குப் பின் பட்டத்துக்குப் போட்டி நடந்தது. அசோகர் தம் சகோதரர்கள் 99 பேரைக் கொன்று சிம்மாசனம் ஏறினார் என்று இலங்கையின் பௌத்த நூல்கள் சொல்கின்றன. ஆனால் அவருடைய கல்வெட்டு ஒன்றில், பட்டம் ஏறிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் சகோதரர்களின் குடும்பங்களைக் கவனிக்க அதிகாரிகளை நியமித்த செய்தி வருகிறது. போட்டி நடந்திருக்கலாம், 99 என்ற கணக்கு கதை கட்டியவர்களின் கைவேலை.

கி.மு. 268 வாக்கில் பாடலிபுத்திரத்தில் அவருக்கு முடிசூட்டு விழா நடந்தது. இன்றைய பாட்னாதான் அந்த ஊர்.

கலிங்கத்து ரத்தம்

முடிசூடி எட்டு ஆண்டுகள் ஆன பிறகு கலிங்கத்தின் மேல் படையெடுத்தார். இன்றைய ஒடிசாவின் கடற்கரைப் பகுதி அது. ஜெயித்தார். ஆனால் எப்படிப்பட்ட ஜெயம்!

கொல்லப்பட்டவர்கள் 1,00,000 பேர். ஊரைவிட்டுப் பெயர்த்துக் கொண்டு போகப்பட்டவர்கள் 1,50,000 பேர். மேலும் மாண்டவர்கள் அதைப்போலப் பல மடங்கு. இதை எதிரி எழுதி வைக்கவில்லை. ஜெயித்த அரசரே தம்முடைய பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் எழுதி வைத்தார். உலகத்தில் எத்தனையோ அரசர்கள் வெற்றித் தூண் நட்டிருக்கிறார்கள். வெற்றியை நினைத்து வெட்கப்பட்டுக் கல் வெட்டியவர்கள் அரிது.

அவரை மிகவும் உறுத்தியது எது என்பதைக் கவனிக்க வேண்டும். கலிங்கத்தில் அந்தணர்கள் இருந்தார்கள், துறவிகள் இருந்தார்கள், தாய் தந்தையரை மதித்து, வேலைக்காரர்களிடம் நல்லபடி நடந்து வாழ்ந்த இல்லறத்தார்கள் இருந்தார்கள். இந்த நல்லவர்கள் எல்லாம் செத்தார்கள் அல்லது உற்றாரைப் பிரிந்தார்கள். எதிரி நாடு என்று ஒன்று இல்லை, அங்கேயும் நம்மைப்போன்ற மனிதர்கள்தான் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் பிறந்தது.

ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. வருந்திய சக்ரவர்த்தி கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பெயர்த்துக் கொண்டு போகப்பட்டவர்கள் ஊர் திரும்பியதாக எந்தக் கல்லும் சொல்லவில்லை. கலிங்கத்திலேயே உள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் இந்த வருத்தச் சாசனம் வெட்டப்படவும் இல்லை. அதற்குப் பதிலாக அங்கே வேறு சாசனம் இருக்கிறது. குடிகள் எல்லாரும் தமக்குப் பிள்ளைகள் என்றும், காரணம் இல்லாமல் யாரையும் சிறையில் போடவோ வதைக்கவோ கூடாது என்றும் அதிகாரிகளுக்கு அதில் கண்டிப்பான உத்தரவு. அதைக் குறிப்பிட்ட நாட்களில் வாசிக்க வேண்டும். கேட்க ஒரே ஒரு ஆள் இருந்தாலும் வாசிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

நாக்கை அடக்கு!

அசோகரின் உத்தரவுகளில் தலையாயது எது? பன்னிரண்டாம் பாறைச் சாசனம் என்று தயங்காமல் சொல்லலாம்.

அதன் சாரம் இதுதான். எல்லா மதத்தாரையும் அரசர் மதிக்கிறார், தானமும் கொடுக்கிறார். ஆனால் தானத்தைவிடப் பெரியது ஒன்று உண்டு. ஒவ்வொரு மதத்தின் உள்ளே உள்ள நல்ல சாரம் வளர வேண்டும். அதற்கு அடிப்படை நாவடக்கம். சமயம் சந்தர்ப்பம் இல்லாமல் தன் மதத்தைப் புகழ்ந்து பிறர் மதத்தை இகழக் கூடாது. சொல்ல வேண்டிய இடத்திலும் அளவோடுதான் சொல்ல வேண்டும். தன் மதத்தின்மேல் உள்ள பற்றினால் பிறர் மதத்தைத் தாழ்த்துகிறவன் தன் மதத்துக்கே கேடு செய்கிறான். ஆகவே கூடி வாழுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் காது கொடுத்துக் கேளுங்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லா மதமும் ஒன்றுதான் என்று அவர் சொல்லவில்லை. எல்லாரும் என் மதத்துக்கு வாருங்கள் என்றும் சொல்லவில்லை. அவரவர் வழி அவரவருக்கு. ஆனால் அடுத்தவன் வழியையும் தெரிந்துகொள் என்பதுதான் அவருடைய கட்டளை. ஏழாம் சாசனத்தில், எந்த மதத்தாரும் ராஜ்யத்தில் எங்கே வேண்டுமானாலும் குடியிருக்கலாம் என்ற தம் விருப்பத்தையும் வெளியிட்டார். இது உங்கள் ஊர் அல்ல, போங்கள் என்று யாரும் யாரையும் விரட்டக் கூடாது என்பது அதன் பொருள்.

பேச்சோடு நிற்கவும் இல்லை. தர்ம மகாமாத்திரர் என்று புதிதாக ஒரு அதிகாரி வர்க்கத்தை ஏற்படுத்தினார். பௌத்த சங்கம், அந்தணர், ஆசீவகர், சமணர் எல்லாருடைய நலனையும் கவனிப்பது அவர்கள் வேலை. முடிசூடிய பன்னிரண்டாம் ஆண்டில், கயைக்கு வடக்கே பராபர் மலையில் கண்ணாடிபோல வழவழப்பாகக் குடைந்த குகைகளை ஆசீவகர்களுக்குத் தானம் செய்தார். தாம் பௌத்தர்; தானம் ஆசீவகருக்கு! பிற்காலத்தில் யாரோ ஒருவர் அங்கே உள்ள ஆசீவகர் என்ற எழுத்துக்களை உளியால் சிதைக்கப் பார்த்திருக்கிறார். கொடுத்த மனமும் கல்லில் இருக்கிறது. பொறுக்காத மனமும் அதே கல்லில் இருக்கிறது.

அவரவர் எழுத்தில் உத்தரவு

மதத்தைப் போலவே மொழியிலும் அசோகர் கவனம் செலுத்தினார். கிழக்கே மகதத்துப் பிராகிருதம். மேற்கே கிர்னாரில் அந்த வட்டாரத்துப் பேச்சு. வடமேற்கே, இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஷாபாஸ்கரியில், வலமிருந்து இடமாக எழுதும் கரோஷ்டி எழுத்து. ஆப்கானிஸ்தானில் காந்தாரில் கிரேக்க மொழியும் அராமிக் மொழியும்! ஒரே பாறையில் இரண்டு மொழியிலும் வெட்டிய அந்தக் காந்தார் சாசனம் 1958-ல் கண்டுபிடிக்கப்பட்டது. தர்மம் என்ற சொல்லைக்கூட அப்படியே திணிக்காமல், கிரேக்கருக்குப் புரியும் பக்தி என்ற பொருளுள்ள அவர்கள் சொல்லையே போட்டார்கள்.

ஆனால் தெற்கே? கன்னட, தெலுங்கு நாட்டுப் பாறைகளில் எல்லாம் பிராகிருதம்தான். இந்தப் பக்கத்து மக்களின் பேச்சு மொழிக்கு இடம் கிடைக்கவில்லை. வடமேற்குக் குடிகளுக்குக் கிடைத்த மரியாதை தென்னாட்டுக் குடிகளுக்குக் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

வெளியூரில் ஒரு குமாஸ்தா

சித்ரதுர்கா மாவட்டம் மொளகால்மூரு பக்கத்தில் பிரம்மகிரி என்ற ஊர் இருக்கிறது. அங்கே உள்ள அசோகர் பாறையின் கடைசியில் அதை எழுதியவரின் பெயர் இருக்கிறது. பெயர் சபடர். உத்தியோகம் லிபிகரர், அதாவது எழுத்தர். இன்றைய பேச்சில் குமாஸ்தா.

சாசனம் முழுவதும் பிராமி எழுத்து. ஆனால் தம் உத்தியோகப் பெயரான அந்த ஒரு சொல்லை மட்டும் சபடர் கரோஷ்டியில் எழுதியிருக்கிறார். கரோஷ்டி வடமேற்கு மூலையில் மட்டுமே வழங்கிய எழுத்து. ஆகவே அவர் அங்கிருந்து வந்தவர் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ரயிலும் இல்லாத காலம். 2,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்து, சர்க்கார் உத்தரவைச் சர்க்கார் எழுத்தில் எழுதி முடித்து, ஓர் ஓரத்தில் தம் ஊர் எழுத்தில் ஒரே ஒரு சொல்லைப் பொறித்து வைத்தார் அந்த மனிதர். அதனால் சாம்ராஜ்யம் இடிந்து விழவில்லை. அதை யாரும் அழிக்கவும் இல்லை. பக்கத்திலுள்ள சித்தாபுரம், ஜட்டிங்க ராமேசுவரம் பாறைகளிலும் அவர் கைவண்ணம் உண்டு.

எழுத்தர்களைப் பற்றி இன்னொரு செய்தி. பதினான்காம் சாசனத்தில், சில இடங்களில் எழுத்துக் குறைபாடு இருந்தால் அதற்கு எழுதியவரின் தவறும் ஒரு காரணம் என்று சக்ரவர்த்தி குறிப்பிடுகிறார். தப்பு வந்தால் குமாஸ்தா தலையில் போடுவது அன்றைக்கே தொடங்கிவிட்டது!

தமிழகத்தோடு நட்பு

தமிழ்நாடு அசோகர் ஆட்சிக்கு உட்பட்டது அல்ல. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரை எல்லைக்கு அப்பால் உள்ளவர்கள் என்றே அவர் சாசனங்கள் குறிக்கின்றன. ஆனால் படை அனுப்பவில்லை. மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ வசதி செய்ததாகவும், மூலிகை இல்லாத இடத்தில் கொண்டுவந்து நடச் செய்ததாகவும் இரண்டாம் சாசனம் கூறுகிறது. அந்தப் பட்டியலில் நம் நாடுகளும், தாம்பரபரணி என்ற இலங்கையும், கிரேக்க அரசர் அந்தியோகரின் நாடும் சேர்ந்தே வருகின்றன.

சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். 1981-ல் திருக்கோவிலூர் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அதியமான் நெடுமான் அஞ்சியைச் சத்தியபுத்திரன் என்று அது குறிப்பிட்டது. வழக்குத் தீர்ந்தது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே தகடூர் அதியமானின் குலம்தான். தகடூர் என்பது தருமபுரி. அந்தச் சீமையிலிருந்து பெங்களூருக்குப் பிழைக்க வந்த எத்தனையோ குடும்பங்களின் பழைய ராஜா, அசோகரின் கல்லில் இடம் பெற்றிருக்கிறார்! ஜம்பைக் கல்வெட்டும் துறவிகள் தங்க இடம் கொடுத்த செய்திதான்.

குறை இல்லாதவரா?

அப்படிச் சொல்ல முடியாது. பிறர் வழியை இகழாதே என்ற அதே அரசர், பெண்கள் வீட்டில் செய்யும் சடங்குகளை அற்பமானவை என்று ஒன்பதாம் சாசனத்தில் எழுதினார். உயிர்ப்பலியைத் தடுத்தார்; திருவிழாக் கூட்டங்களுக்குத் தடை போட்டார். ஜீவகாருண்யம் என்று இன்று நாம் மெச்சலாம். யாகம் செய்தவர்களுக்கும் திருவிழாவுக்காகக் காத்திருந்த ஜனங்களுக்கும் அது எப்படி இருந்திருக்கும்? காட்டு மக்களுக்கு, வருந்தினாலும் தண்டிக்கும் பலம் தமக்கு உண்டு என்று எச்சரிக்கையும் விடுத்தார். பௌத்த சங்கத்தைப் பிளக்கும் பிக்குவை வெள்ளை உடை கொடுத்து வெளியேற்றச் சொன்னார். மரண தண்டனையை எடுக்கவில்லை. தண்டனை பெற்றவருக்கு மூன்று நாள் தவணை மட்டும் கொடுத்தார்.

பலரும் சேர்ந்து வாழும் ராஜ்யத்தில் எதைப் பொறுத்துக் கொள்வது, எதைத் தடுப்பது, கோடு எங்கே போடுவது? இந்தக் கேள்வி அசோகரையும் விடவில்லை. இன்றைய சர்க்கார்களையும் விடவில்லை.

மறதியும் மறுபிறப்பும்

மகன் மகிந்தரும் மகள் சங்கமித்திரையும் இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டு சென்றார்கள் என்பது அந்நாட்டு வரலாறு. அசோகர் கி.மு. 232 வாக்கில் காலமானார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் மௌரிய வம்சமும் முடிந்தது. எழுத்து மாறியது, படிக்க ஆள் இல்லாமல் போயிற்று. 14-ம் நூற்றாண்டில் சுல்தான் பெரோஸ் ஷா துக்ளக், தோப்ராவில் இருந்த அசோகர் தூணைப் பத்திரமாக டில்லிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல அன்றைக்கு யாராலும் முடியவில்லை.

1837-ல் கல்கத்தா நாணயசாலை அதிகாரி ஜேம்ஸ் பிரின்செப் அந்த எழுத்தைப் படித்துவிட்டார். ஆனால் கல்லில் இருந்த பெயர் தேவானாம்பிரிய பியதசி. அவர் யார்? இலங்கையில் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் டர்னர், பாலி நூலைப் பார்த்து அவர்தான் அசோகர் என்றார். ஓயாமல் உழைத்த பிரின்செப் 1840-ல் 40 வயதிலேயே காலமானார்.

அசோகர் என்ற பெயரே பொறித்த கல் முதன்முதலில் கிடைத்தது 1915-ல், ராய்ச்சூர் மாவட்டம் மாஸ்கியில். கண்டுபிடித்தவர் பீடன் என்ற தங்கச் சுரங்க இன்ஜினீயர். 1986-ல் குல்பர்கா மாவட்டம் சன்னதியில் ஒரு காளி கோவிலின் கூரை சரிந்தது. சரி செய்யும்போது, சிலையின் கீழே பீடமாகக் கிடந்த பலகைக் கல்லில் அசோகர் எழுத்துக்கள்! அதில் இருந்தவற்றில் ஒன்று, பிறர் மதத்தை மதிக்கச் சொல்லும் அதே பன்னிரண்டாம் சாசனம். பீடத்துக்காக நடுவில் துளை போட்டதில் சில எழுத்துக்கள் போயின. ஆனாலும் ஒரு கோவில்தான் அந்தக் கல்லை நூற்றாண்டுக் கணக்கில் காப்பாற்றிக் கொடுத்தது.

இன்றைக்கும் அதே கேள்வி

1971-ல் கனடா நாட்டு அரசு, பல பண்பாடுகளும் சம மதிப்போடு வாழ்வதே தன் கொள்கை என்று அறிவித்தது. அதன் பிறகே இந்தக் கருத்து உலக அரசியலில் பெரிதாக அடிபட்டது. இந்தியாவோ 1950-லேயே இதைச் சட்டமாக்கியது. தன் மொழியையும் எழுத்தையும் பண்பாட்டையும் காத்துக்கொள்ள எந்தப் பிரிவினருக்கும் உரிமை உண்டு என்கிறது அரசியல் சட்டத்தின் 29-வது பிரிவு. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி வசதி செய்ய வேண்டும் என்று 1956-ல் 350-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது.

சட்டம் இருந்தும் 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூர்த் தமிழர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். அல்சூர் ஏரிப் பக்கத்தில் வைத்த திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. பிறகு 2009 ஆகஸ்ட் 9-ல் அது திறக்கப்பட்டது. நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. இரு மாநில முதல்வர்களும் சேர்ந்து செய்த காரியம் அது. உன் புலவனை நான் மதிக்கிறேன், என் புலவனை நீ மதி என்ற அந்த ஏற்பாட்டில் அசோகரின் பன்னிரண்டாம் சாசனம் இருக்கிறது.

உரிமையைச் சர்க்கார் கொடுக்கலாம். நாவடக்கத்தைச் சர்க்கார் கொடுக்க முடியாது. அது வந்தவருக்கும் வேண்டும், இருப்பவருக்கும் வேண்டும். நம் வீட்டில் தமிழ் பேசுவோம். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுப்போம். அதோடு கன்னடத்தையும் நன்றாகப் பேசப் பழகுவோம். சர்வக்ஞர் என்ன பாடினார் என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வோம். லீவு நாளில் குடும்பத்தோடு சிரவணபெளகொளாவுக்குப் போகிறவர்கள், ஒரு தடவை பிரம்மகிரிப் பாறைக்கும் போய்வரலாம். சபடர் என்ற வெளியூர்க்காரர் எழுதிய அந்த ஒரு சொல் இன்னும் அங்கேயே இருக்கிறது.